உல்மிலிருந்து டஸ்கனி: 3.5 டன் மோட்டார்ஹோமுக்குச் செலவு குறைந்த ஆல்ப்ஸ் பாதை எது?

டான்யூப்கரை:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் தொடக்கத்தில் உல்மிலிருந்து கிளம்பி முதலில் கார்டா ஏரி, பிறகு டஸ்கனி. மொத்தம் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்.

வண்டி ஃபியட் டுக்காட்டோ 2.3, 140 குதிரைத்திறன், மேனுவல் கியர். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை உள்ள அல்கோவ் வகை. நீளம் 6.99 மீ, உயரம் 3.12 மீ. பதிவுச் சான்றில் எஃப்.1 (வண்டி தொழில்நுட்பப்படி தாங்கும் உச்ச எடை), எஃப்.2 (அனுமதித்த உச்ச எடை) இரண்டு இடத்திலும் 3,500 கிலோ என்றே இருக்கிறது. ஓட்டத்துக்குத் தயாரான எடை 3,020 கிலோ. பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், பின்னால் இரண்டு சைக்கிள்.

பிரென்னர் வழியா, சுவிஸ் வழியா, வேறு இலவசக் கணவாய் ஏதாவது உண்டா? சுங்கம், டீசல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எது உண்மையில் மலிவு? திரும்பும்போது நீஸ் பக்கம் சுற்றி பிரான்ஸ் வழியாக வரலாமா என்றும் ஒரு எண்ணம். இரவு தங்க எல்லா நாளும் கேம்பிங் தளத்துக்குப் பணம் கட்டாமல் சமாளிக்க முடியுமா?

கணவாய்ப்பித்தன்:

உல்மிலிருந்து போகிறவர்களுக்கு ரெஷன் கணவாய் இருக்க, பிரென்னருக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

முதலில் பிரென்னர் கணக்கு. ஆஸ்திரிய மோட்டார்வேக்கு விக்னெட் (குறிப்பிட்ட காலத்துக்கான சாலைக் கட்டணச் சீட்டு) வேண்டும். 3.5 டன் வரை 10 நாள் விக்னெட் 2025 கட்டணப்படி 12.40 யூரோ. இன்ஸ்ப்ருக்கிலிருந்து எல்லை வரை உள்ள ஏ13 விக்னெட்டில் சேராது, அதற்குத் தனிச் சுங்கம், ஒரு வழிக்கு 12 யூரோ அளவில். இத்தாலிக்குள் நுழைந்ததும் ஏ22-இன் தூரக் கட்டணம் தொடங்கிவிடும். உங்கள் பயணம் 10 நாளைத் தாண்டுவதால் திரும்பி வர இன்னொரு விக்னெட். இரண்டு வழிக்கும் ஆஸ்திரியாவுக்கு மட்டும் 50 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் லூக் பாலம் வேறு. ஏ13-இல் அந்தப் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2025 ஜனவரி முதல் அங்கே அடிப்படையில் ஒரு திசைக்கு ஒரே தடம்தான். நெரிசல் நாட்களில் மட்டும் இரண்டாவது தடத்தைத் திறக்கிறார்கள். வேலை முழுக்க முடிய 2030 ஆகும் என்பது திட்டம். வார இறுதியில் அங்கே போய் நிற்பது வீண்.

ரெஷன் வழி இப்படி: ஏ7 பிடித்துக் கெம்ப்டன், ஃபூசன். எல்லைச் சுரங்கம் தாண்டி பி179-இல் ராய்ட்டே, லெர்மோஸ், ஃபெர்ன்பாஸ் (1,216 மீ), நாஸரைத், இம்ஸ்ட். அங்கிருந்து பி171-இல் லாண்டெக். இங்கேதான் கவனம் வேண்டும். லாண்டெக்கைச் சுற்றிப் போகும் சுரங்கம் விக்னெட் உள்ள சாலையைச் சேர்ந்தது. நேவிகேஷன் கேட்காமலே அதற்குள் இழுத்துவிடும். ஊருக்குள் போகும் பி171-ஐ விடாமல் பிடித்து, பி180-இல் திரும்புங்கள். ஃபுன்ட்ஸ், நவுடர்ஸ், ரெஷன் (சுமார் 1,500 மீ). இறக்கத்தில் எஸ்எஸ்40 நெடுஞ்சாலை வழி மால்ஸ், பிறகு எஸ்எஸ்38-இல் மெரானோ. மெரானோ–போல்சானோ இடையே நான்கு வழிச் சாலை, சுங்கம் இல்லை.

உல்ம்–போல்சானோ இந்த வழியில் சுமார் 370 கி.மீ. பிரென்னர் வழியைவிட 20 கி.மீ. தான் கூடுதல். நேரம்தான் ஒன்று, ஒன்றரை மணி கூடும். ஏற்றமும் உங்கள் வண்டிக்குப் பெரிதல்ல, மூன்றாவது நான்காவது கியரில் போய்விடும்.

ரெஷனில் கெடுவது இரண்டு விஷயத்தால். ஒன்று, ஃபெர்ன்பாஸ் நெரிசல். கோடைச் சனிக்கிழமைகளில் லெர்மோஸ் சுரங்கத்துக்கு முன்னால் சிவப்பு விளக்குப் போட்டு வண்டிகளைத் தவணை முறையில் விடுவார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க், பவேரியா இரண்டிலும் பள்ளி விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை ஓடும், ஆகவே செவ்வாய் அல்லது புதன் புறப்படுங்கள். முதல் நாள் மாலை ஃபூசன் ஸ்டெல்பிளாட்ஸில் (மோட்டார்ஹோம் நிறுத்துமிடம்) படுத்து, விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஓட்டினால் 7 மணிக்குள் லாண்டெக் தாண்டிவிடலாம். இரண்டு, பி180-இல் கயேட்டான் பாலத்துக்கும் நவுடர்ஸுக்கும் இடையே பாறைச் சரிவு, கூரைக்காப்பு வேலை என்று அவ்வப்போது மூடுவார்கள். அப்போது சுவிஸ் எல்லை மார்டினா வழியாக நோர்பெர்ட்ஸ்ஹோஹே கொண்டைஊசி வளைவுகளில் ஏறவேண்டி வரும். 7 மீட்டர் வண்டிக்கு முடியாதது இல்லை, ஆனால் பின் தொங்கல் நீளமாக இருந்தால் வளைவின் உள்பக்கம் உரசும். கிளம்பும் முன் டிரோல் சாலைத் தகவலை ஒருமுறை பாருங்கள்.

வார இறுதியில் நெரிசல் என்று நேவி பக்கத்துக் கிராமத்துக்குள் திருப்பினால் போகாதீர்கள். டிரோலில் பருவகால வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் கடந்து போகும் வண்டிகள் பிரதான சாலையை விட்டு இறங்கத் தடை உண்டு. வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்புவார்கள், வரிசையின் வாலில் மறுபடி சேரவேண்டியதுதான். கார்மிஷ்–சீஃபெல்ட் வழி காட்டினாலும் மறுத்துவிடுங்கள். ஸிர்லர்பெர்க் இறக்கம் 16 சதவீதம்; பிரேக் போன வண்டிகளுக்கென்று ஓடுபாதை வெட்டி வைத்திருக்கும் சாலை அது.

டீசல்: ஆஸ்திரியாவில் பங்குகள் விலையை நண்பகல் 12 மணிக்குத்தான் ஏற்ற முடியும், இறக்குவது எப்போது வேண்டுமானாலும். அதனால் காலையிலேயே நிரப்புங்கள். இதைவிட மலிவு ஸாம்னவுன். சுவிஸுக்குள் இருக்கும் சுங்கவரி விலக்குப் பகுதி அது. ஃபுன்ட்ஸுக்கு அப்பால் கயேட்டான் பாலத்தருகே பிரிந்து ஸ்பிஸ் வழியாக ஏறினால் சுமார் 15 கி.மீ. போக வர 30 கி.மீ.க்கு 4 லிட்டருக்கு மேல் ஏறும் மலையே தின்றுவிடும். டேங்க் முக்கால் காலியாக இருந்தால் மட்டும் போங்கள்.

தூண்ஏரி:

ரெஷன் பற்றிச் சொன்னதில் தவறில்லை. ஆனால் திரும்பி வரும் வழிக்கு சுவிஸை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று தெரியவில்லை. "சுவிஸ் என்றால் விலை" என்ற பயம்தான். கடந்து போவதற்கு அது மலிவான நாடு.

3.5 டன் வரை விக்னெட் 40 பிராங், அவ்வளவுதான். முந்தைய ஆண்டு டிசம்பர் 1 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை 14 மாதம் செல்லும். 2023 முதல் மின்-விக்னெட் உண்டு, நம்பர் பிளேட்டோடு இணைந்தது, வாங்கியவுடன் செல்லும். கோட்டார்ட் சுரங்கம் 16.9 கி.மீ., சான் பெர்னார்டினோ சுரங்கம் 6.6 கி.மீ. இரண்டுக்கும் தனிக் கட்டணம் கிடையாது. இதே மலையை மேற்கே மோன் பிளாங் வழியாகத் துளைத்துப் போனால் என்ன கொடுக்க வேண்டும் என்று பார்த்தீர்களானால் 40 பிராங் பெரிதாகத் தெரியாது. விக்னெட் இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் அபராதம், விக்னெட் விலை அதற்கு மேல்.

டஸ்கனியிலிருந்து உல்ம் என்றால் கோட்டார்ட் உங்களுக்குச் சுற்று. சான் பெர்னார்டினோதான் நேர்வழி: மிலான், கோமோ, கியாஸோ, பெலின்சோனா, சுவிஸ் ஏ13-இல் சான் பெர்னார்டினோ, கூர், ரைன் பள்ளத்தாக்கு, சங்க்ட் மார்கரெதன், பிரெகென்ஸ், பிறகு ஏ96. பிரெகென்ஸ் பகுதியில் ஆஸ்திரிய விக்னெட் வேண்டுமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஹோர்பிரான்ஸ் எல்லைக்கும் ஹோஹெனெம்ஸுக்கும் இடையே ஏ14 2019 டிசம்பர் முதல் விக்னெட் விலக்குப் பெற்ற துண்டு, ஃபேண்டர் சுரங்கமும் அதற்குள் அடக்கம்.

டஸ்கனியின் லூக்காவிலிருந்து இப்படி 700–750 கி.மீ. வரும். ஏ13 பல இடங்களில் எதிரும் புதிருமாக ஒற்றைத் தடம். பெலின்சோனாவிலிருந்து மெசோக்கோ வரை சாதாரணம், அதன்பின் சான் பெர்னார்டினோ ஊர் வரைதான் செங்குத்து. பாரத்தோடு 60-இல் ஏறினால் பின்னால் வரிசை கட்டும். ஒதுங்க இடம் கிடைத்தால் விட்டுக்கொடுங்கள். கோட்டார்டில் பல கி.மீ. வரிசை என்று அறிவிக்கும் நாட்களில் இங்கேயும் கூட்டம் வழியும், ஆனால் நகரும்.

டீசலைச் சுவிஸில் போடாதீர்கள். கோமோவுக்கு முன்னால், மோட்டார்வேயை விட்டு வெளியே உள்ள பங்கில் நிரப்பினால் உல்ம் வரை போதும்.

இதைப் படிக்கும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்காரர்களுக்கு: உங்களுக்கு சுவிஸில் விக்னெட் இல்லை, கனரக வாகன மொத்தக் கட்டணம். நாளொன்றுக்கு 3.25 பிராங், குறைந்தது 25. விருப்பமான 10 நாளைத் தேர்ந்தெடுக்கும் சீட்டு 32.50. ஆஸ்திரியாவிலோ கோ-பாக்ஸ் (சுங்கம் கழிக்கும் மின்னணுப் பெட்டி) வைத்துக் கி.மீ. கணக்கு. 2024 முதல் அங்கே பார்ப்பது எஃப்.1 எடையை. எஃப்.2-இல் 3,500 என்று குறைத்துப் பதிந்திருந்தாலும் எஃப்.1-இல் 3,650 இருந்தால் கோ-பாக்ஸ் தேவைப்படலாம். பெட்டி ஒரு முறை பீப் அடித்தால் கழிந்தது. நான்கு முறை அடித்தால் கழியவில்லை, உடனே விற்பனை நிலையத்துக்குப் போகவேண்டும். வேகமும் மாறும்: 3.5 டன்னுக்கு மேல் ஆஸ்திரியாவில் ஊருக்கு வெளியே 70, மோட்டார்வேயில் 80. இத்தாலியில் 80, 100. டான்யூப்கரைக்கு இரண்டு கட்டமும் 3,500 என்பதால் கவலையில்லை. அந்த 3,500-ஐத் தாண்டாமல் இருந்தால்.

அச்சாணி:

கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோரும் 12 யூரோ விக்னெட்டைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த வண்டியின் உண்மையான செலவு எடையில் ஒளிந்திருக்கிறது.

3,020 கிலோவில் ஓட்டுநர் 75 கிலோ, டீசல், ஒரு கேஸ் சிலிண்டர் அடங்கும். தண்ணீர் பெரும்பாலும் "ஓட்ட நிலை" என்று 20 லிட்டருக்குத்தான் கணக்கு. உங்கள் கையேட்டில் பாருங்கள். இப்போது கூட்டுவோம். மற்ற மூவர் 130, ரேக்கோடு சைக்கிள் 50, வாங்கிய பிறகு பொருத்திய சன்ஷேடு 35, சோலாரும் இரண்டாம் பேட்டரியும் 25, இரண்டாவது 11 கிலோ இரும்புச் சிலிண்டர் நிரப்பியது 24, துணி படுக்கை 50, சமையல் சாமான் உணவு 45, மேசை நாற்காலி 35, கேபிள், ஆப்பு, கருவிகள் 20. கூட்டினால் 414. மொத்தம் 3,434. இதன் மேல் 100 லிட்டர் தண்ணீர் டேங்கை முழுக்க நிரப்பினால் இன்னொரு 80. ஆக 3,514, வரம்பு தாண்டியாயிற்று. மாமனார் வீட்டு அரிசி மூட்டை இன்னும் ஏறவில்லை.

ஆகவே தண்ணீரை 20 லிட்டரோடு மலை ஏற்றுங்கள், போய் இறங்கிய இடத்தில் நிரப்புங்கள். கழிவுநீர் டேங்கைக் காலி செய்யாமல் கிளம்புவது பாத்திரம் கழுவிய 80 கிலோ தண்ணீரை 1,500 மீட்டருக்குச் சுமப்பது. இரண்டாவது சிலிண்டர் செப்டம்பருக்குத் தேவையே இல்லை.

மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு தனியாக மீறும். அச்சுகளுக்கு இடையே 4.0 மீ, சைக்கிள் பின் அச்சிலிருந்து 2.5 மீ பின்னால் தொங்குகிறது என்று வைத்தால், 40 கிலோ சைக்கிள் பின் அச்சில் 40 × 6.5 ÷ 4 = 65 கிலோவாக அழுத்தும். முன் அச்சிலிருந்து 25 கிலோவைத் தூக்கிவிடும். டுக்காட்டோ முன்சக்கர இழுவை. ஈரமான ஏற்றத்தில் சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது சக்கரம் சுழல்வதற்குக் காரணம் இதுதான். கனமானதை அச்சுகளுக்கு நடுவே தரையோடு வையுங்கள். பின் கராஜில் தண்ணீர் பாட்டில் கட்டு வேண்டாம்.

பொது எடைப்பாலத்தில் ஏற்றி, ஆட்களோடு மூன்று முறை நிறுங்கள்: மொத்தம், முன் அச்சு மட்டும், பின் அச்சு மட்டும். பல குப்பை சேகரிப்பு நிலையங்களிலும் வேளாண் கிடங்குகளிலும் சில யூரோவுக்குச் செய்து தருவார்கள். ஆஸ்திரியா, சுவிஸ் இரண்டு இடத்திலும் பிடித்தால் அபராதத்தோடு விடமாட்டார்கள், கூடுதலை இறக்கினால்தான் வண்டி நகரும். மலைச் சாலை ஓரத்தில் எதை இறக்கி எங்கே வைப்பீர்கள்?

அடுத்து இறக்கம். ஏறும் கியரிலேயே இறங்கு என்பது பழைய விதி, நவீன டீசலுக்கு அதிலும் ஒன்று குறைவாக வைத்தால் நல்லது. ரெஷனிலிருந்து மால்ஸ் வரை மூன்றாவது கியர், எஞ்சின் 3,000 சுற்றில் கத்தினால் கத்தட்டும், எரிபொருள் அப்போது கிட்டத்தட்ட பூஜ்யம். பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே வராதீர்கள். 60 ஆகும்போது உறுதியாக மிதித்து 45-க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், அறிகுறி வேறு வேறு. மிதி கட்டையாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது. ஓரம் கட்டி அரை மணி ஆறவிட்டால் திரும்பும். மிதி பஞ்சு போல் உள்ளே போனால் பிரேக் திரவம் கொதித்துக் குழாயில் ஆவி புகுந்துவிட்டது. டாட் 4 திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின் வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மோட்டார்ஹோம் வருடத்தில் பத்து மாதம் சும்மா நிற்பதால் கி.மீ. ஏறாமலே திரவம் கிழடாகிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கிளம்பும் முன் பட்டறையில் ஈர அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

டயர் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். பின் டயர் சிபி வகை (மோட்டார்ஹோமுக்கென்று செய்த டயர்) என்றால் கதவோரப் பட்டியில் உள்ள அழுத்தம், பெரும்பாலும் 5.5 பார், குளிர்ந்த நிலையில். இறக்கத்துக்குப் பின் சூட்டில் கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

டான்யூப்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. எடைக் கணக்கு பயமுறுத்துகிறது. இந்த வாரமே எடைப்பாலத்துக்குப் போகிறேன். போவது ரெஷன், வருவது சான் பெர்னார்டினோ என்று கிட்டத்தட்ட முடிவு. ஆனாலும் நீஸ் ஆசை விடவில்லை. பிரான்ஸ் வழி திரும்பினால் எவ்வளவு கூடும்? இத்தாலியில் எந்தச் சாலைக்குப் பணம் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது? இரவுத் தங்கல் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

சுங்கச்சாவடி:

பிரான்ஸைக் கைவிடுங்கள், இந்த வண்டிக்கு அது சரிப்படாது. காரணம் 3.12 மீட்டர்.

பிரெஞ்சு ஆட்டோரூட்டில் (மோட்டார்வே) 3.5 டன் வரை, 2 முதல் 3 மீட்டர் உயரம் இருந்தால் இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரைத் தொட்டாலே மூன்றாம் வகுப்பு, அதாவது இரண்டு அச்சு லாரியின் கட்டணம். இத்தாலியில் முறை வேறு. முன் அச்சுக்கு மேலே உயரம் 1.30 மீட்டரைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். எந்த இரண்டு அச்சு மோட்டார்ஹோமும் பி வகுப்புதான், கார் கட்டணத்தைவிடக் கொஞ்சமே கூடுதல். அல்கோவுக்குத் தண்டனை இல்லை.

தூரமும் பாருங்கள். லூக்கா, நீஸ், பிரியான்சோன், கிரெனோபிள், ஜெனிவா, உல்ம் என்று வந்தால் சான் பெர்னார்டினோ வழியைவிட 500 கி.மீ.க்கு மேல் கூடும். 100 கி.மீ.க்கு 11 லிட்டர் என்றால் 55 லிட்டர் டீசல், 90 யூரோ சுமார். ஜெனோவா–வென்டிமில்யா ஏ10 இத்தாலியின் விலையுயர்ந்த துண்டுகளில் ஒன்று. ஜெனிவாவிலிருந்து சுவிஸ் வழிதான் என்பதால் அந்த 40 பிராங்கும் மிச்சமாகாது.

மோன் பிளாங் சுரங்கம் 2 மீட்டருக்கு மேல் உயரமான வண்டிக்கு ஒரு வழிக்கே 70 யூரோவுக்கு மேல். ஃப்ரெஜூஸ் சுரங்கமும் அதே ரகம். மோன் பிளாங் 2024, 2025 இரண்டு ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்தில் மூடி டிசம்பரில்தான் திறந்தது. மேற்கு ஆல்ப்ஸைக் கடந்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு மோன்ஜெனெவ்ர் கணவாய் இருக்கிறது: சூசா, ஊல்க்ஸ், செசானா, பிரியான்சோன். 1,850 மீ உயரம், சுங்கம் இல்லை, குளிர்காலத்திலும் திறந்தே வைப்பார்கள்.

இத்தாலிச் சுங்கம். போல்சானோவிலிருந்து கார்டாவுக்கு ஏ22 அல்லது எஸ்எஸ்12. பிள்ளைகளோடு என்றால் ரொவெரெட்டோ வரை ஏ22-க்குக் கொடுத்துவிட்டு, மோரி வழி எஸ்எஸ்240-இல் ஏரிக்கு இறங்குங்கள். ஏரியின் கிழக்குக் கரை எஸ்எஸ்249 அகலம் பரவாயில்லை. மேற்குக் கரை எஸ்எஸ்45பிஸ் பழைய குறுகிய சுரங்கங்கள். எதிரே பேருந்து வந்தால் அல்கோவின் மூலை பாறையை நோக்கிப் போகும்.

போ சமவெளியில் இலவசச் சாலை தேடுவது வெட்டி வேலை. ஊருக்கு நாலு ரவுண்டானா, டிராக்டர், 50 வேக வரம்பு. சமவெளி மோட்டார்வே பி வகுப்புக்குக் கி.மீ.க்கு 8–9 சென்ட் அளவில்; மோதெனா வரை கொடுங்கள். டஸ்கனிக்குள் நுழைந்த பின் கொடுக்கவே வேண்டாம். பிளாரன்ஸ்–பீசா–லிவோர்னோ ஃபி-பி-லி, பிளாரன்ஸ்–சியெனா, கடற்கரையில் ரொசின்யானோவுக்குத் தெற்கே அவுரேலியா, மூன்றும் நான்கு வழி, இலவசம். ஃபி-பி-லி வளைவும் பள்ளமுமாக இருக்கும், 80-இல் போங்கள்.

சாவடியில் மஞ்சள் தடம் டெலிபாஸ் (தானாகச் சுங்கம் கழிக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு. நீலம் கார்டு, நோட்டும் கையும் வரைந்த வெள்ளை ரொக்கம். கார்டு படிக்கவில்லை என்றால் பின்னால் எடுக்காதீர்கள். உதவிப் பொத்தானை அமுக்கினால் ஒரு சீட்டு வரும், 15 நாளுக்குள் கட்டலாம். திரும்பும்போது மிலானுக்கு வடக்கே ஏ36 பெடெமொன்தானாவில் கவனம். அங்கே சாவடியே இல்லை, கேமரா மட்டும். 15 நாளுக்குள் இணையத்தில் நீங்களாகக் கட்டாவிட்டால் பின்னால் கடிதம் வரும். மிலான் மேற்குச் சுற்றுச்சாலை ஏ50 பிடித்து ஏ9-க்குப் போனால் அந்தத் தொல்லை இல்லை.

பங்கில் "செல்ஃப்", "செர்வீத்தோ" என்று இரண்டு விலை தொங்கும். ஆள் வந்து நிரப்பும் இரண்டாவது, லிட்டருக்கு 15–20 சென்ட் கூடுதல். எந்தப் பம்பு முன்னால் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம்.

சைக்கிள் ரேக்குக்கு 50 × 50 செ.மீ. சிவப்பு வெள்ளைச் சாய்கோட்டுப் பலகை இத்தாலியில் கட்டாயம், அலுமினியத்தில், ஒளி பிரதிபலிப்பது. பிளாஸ்டிக் பலகை அங்கே செல்லாது.

இரவுத் தங்கல்: டிரோலில் கேம்பிங் தளத்துக்கு வெளியே படுக்காதீர்கள், சட்டம் தடுக்கிறது. அதனால்தான் ஃபூசனில் படுத்து ஒரே மூச்சில் கடப்பது நல்ல யோசனை. இத்தாலியில் சாலைச் சட்டம் 185-ஆம் பிரிவு மோட்டார்ஹோமுக்குச் சாதகம்: சக்கரத்தைத் தவிர வேறெதுவும் தரையில் ஊன்றாமல், கழிவு எதுவும் வெளியேற்றாமல், வண்டியின் அளவுக்கு மேல் இடம் பிடிக்காமல் நின்றால் அது நிறுத்தம், முகாம் அல்ல. நாற்காலி போட்டாலோ, சன்ஷேடு விரித்தாலோ, சமன்படுத்தும் ஆப்பு வைத்தாலோ முகாமாகிவிடும். ஆனால் தென் டிரோலிலும் கார்டாவைச் சுற்றியும் பல ஊராட்சிகள் மோட்டார்ஹோமுக்குத் தடைப் பலகை நட்டிருக்கின்றன. அங்கே சட்டப்பிரிவு பேசிப் பயனில்லை. கார்டாவில் பணம் கொடுத்துத் தங்குங்கள். டஸ்கனியில் சிறு ஊர்கள் பலவற்றில் ஆரெயா சோஸ்தா (மோட்டார்ஹோம் நிறுத்துமிடம்) இருக்கும்.

நான்கு பேருக்கு 100 லிட்டர் தண்ணீர் இரண்டு நாள், டாய்லெட் பெட்டியும் இரண்டு நாள். அதனால் "கேம்பர் சர்வீஸ்" (தண்ணீர் நிரப்பி, கழிவு கொட்டும் இடம்) எங்கே என்று இரண்டு நாளுக்கு ஒன்றாகக் குறித்து, தங்குமிடத்தை அதற்கேற்பப் போடுங்கள். மாறாகச் செய்தால் தண்ணீருக்காகவே 40 கி.மீ. ஓடவேண்டி வரும்.

லூக்கா, பீசா, சியெனா, பிளாரன்ஸ் பழைய நகரங்களுக்குள் ஸெட்டிஎல் (அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி) எல்லை உண்டு. வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, கீழே விளக்கில் "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால் கேமரா விழித்திருக்கிறது. ஒரே நாளில் மூன்று முறை நுழைந்தால் மூன்று அபராதம், மாதக்கணக்கில் கழித்து ஜெர்மனி வீட்டுக்கே வரும்.

நீலச்சுடர்:

கேஸ் பற்றி யாரும் தொடவில்லை. ஜெர்மன் 11 கிலோ சிலிண்டரை இத்தாலியில் மாற்றித் தரமாட்டார்கள், வாயும் விதிமுறையும் வேறு. கேஸ் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 300 கிராம் அளவில் எரிக்கும், சமையலும் வெந்நீரும் சேர்த்தாலும் செப்டம்பரில் 11 கிலோ இரண்டு வாரத்தைத் தாண்டும். அச்சாணி சொன்ன மாதிரி ஒன்றே போதும், ஆனால் முழுசாக நிரப்பியதாக இருக்கட்டும். பங்கில் நிரப்பும் எல்பிஜி டேங்க் வைத்திருப்பவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனியில் ஆக்மி, ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்ஸில் டிஷ், ஸ்பெயினில் யூரோநாசில்.

உள்ளே இருப்பது புரோப்பேனா என்று பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும், ரெஷன் உயரத்தில் குளிர்ந்த விடியலில் அடுப்பு சோம்பும். புரோப்பேன் -42 வரை தாங்கும்.

1,000 மீட்டருக்கு மேல் கேஸ் ஃபிரிட்ஜ் பற்றவைக்கத் திணறுவது கோளாறு இல்லை, காற்றில் ஆக்சிஜன் குறைவு. மலை ஏறும்போது 12 வோல்ட்டில் ஓடட்டும், சிலிண்டர் வால்வை மூடுங்கள். மோதல் உணரி உள்ள ரெகுலேட்டர் இல்லாத வண்டியில் ஓடும்போது கேஸைத் திறந்து வைக்கவே கூடாது. நிறுத்தியதும் 12 வோல்ட்டை அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் வண்டியில் அதைத் தானாகத் துண்டிக்கும் ரிலே இருக்கிறதா என்று எஞ்சினை நிறுத்தி ஒரு கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.